26 வயதில் தலைமைப் பயிற்றுவிப்பாளர்: பத்து ஆண்டு நிலைக்கும் அணியைக் கட்டுவது எப்படி

திருகோணமலையில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் ஒரு கிண்ணம் எடுப்பது பெரிய காரியமல்ல. வெளியூரிலிருந்து நாலு நல்ல ஆட்களை ஒரு சுற்றுப்போட்டிக்கு இறக்கி, போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்தால் கிண்ணம் வந்துவிடும். அடுத்த வருசம் அந்த நாலு பேரும் வேறு கழகத்தின் சட்டையில் உங்களுக்கு எதிராக நிற்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறியும் பத்து ஆண்டு அரையிறுதிக்குள் நிற்கிற கழகம்தான் அரிது. 25, 26 வயதில் பொறுப்பெடுக்கும் ஒருவர் அப்படியொரு அணியைக் கட்ட என்னென்ன செய்யவேண்டும் என்பதே இங்கே.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஓசேரைக் காட்டலாம். பிரான்ஸில் சின்ன ஊரொன்றின் கழகம் அது. 1961இல் கீ ரூ அதைப் பொறுப்பெடுத்தபோது அவருக்கு 22 வயது. கழகம் கீழ்மட்ட அமெச்சூர் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தது. 1979இல் இரண்டாம் பிரிவில் இருந்தபடியே தேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்தது. 1980இல் முதற்பிரிவுக்கு ஏறியது. 1996இல் லீக்கையும் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் எடுத்தது. இடையில் சிறு இடைவெளிகள் இருந்தாலும் 2005 வரை அவர் அங்கேதான் இருந்தார். மறுபக்கம் ஜூலியன் நாகெல்ஸ்மன். 2016இல் 28 வயதில் ஜேர்மனியின் ஹொஃபன்ஹைம் கழகத்தைப் பொறுப்பெடுத்து, தரமிறங்க இருந்த அணியைக் காப்பாற்றி, அடுத்த இரண்டு பருவங்களிலும் முதல் நாலு இடத்துக்குள் கொண்டுவந்தார். 2019இல் பெரிய கழகத்துக்குப் போய்விட்டார். இருவருக்கும் திறமையில் குறைவில்லை. ஒருவர் இருந்தார், மற்றவர் போனார். இளம் பயிற்றுவிப்பாளரிடம் மூத்தவர்களிடம் இல்லாத சொத்து ஒன்றுதான்: முன்னாலிருக்கும் ஆண்டுகள். அதை முதல் கிண்ணத்துக்கு அவசரப்பட்டு செலவழித்துவிட்டால் பிறகு கையில் ஒன்றுமில்லை.

பொறுப்பெடுக்க முன் நிர்வாகத்தோடு

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் இருக்கிற கூட்டத்தில் நாலு விடயத்தைப் பேசி, கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஒன்று, காலம்: குறைந்தது மூன்று பருவம். இரண்டு, பதினொருவரைத் தெரிவுசெய்வது யார்: நீங்கள் மட்டும். மூன்று, கழகத்தின் ஆண்டுச் செலவில் எவ்வளவு 16 வயதுக்குட்பட்டோருக்கு: மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கேளுங்கள். நாலு, சுற்றுப்போட்டிக்கு வெளி ஆள் இறக்குவது: ஓர் ஆட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் இல்லை, அதுவும் உங்கள் சம்மதத்தோடு.

நாலாவதில்தான் இழுபறி வரும். வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் வீரர் ஒருவர் காசு அனுப்பி, "இந்த முறை கிண்ணம் வரவேணும்" என்பார். அந்தக் காசில் மூன்று வெளி ஆள் வந்து நின்றால், கழகத்தின் 18 வயதுப் பையன்கள் மூன்று பேர் கோட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பார்கள். அடுத்த பருவத்தில் அவர்களில் ஒருவர்கூட வரமாட்டார். அதே காசைப் பந்துக்கும் சிறுவர் சப்பாத்துக்கும் ஒதுக்கி, அனுப்பியவரின் பெயரில் 14 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்று வைக்கலாம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பெயர் நிலைப்பதில் ஆருக்குத்தான் விருப்பமில்லை?

சான்றிதழ் இல்லாமல் தொடங்கலாம், ஆனால் முதலாண்டிலேயே இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனம் நடத்தும் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் டி தரப் பாடநெறிக்கும், அதன்பின் சி தரத்துக்கும் மாவட்ட லீக் ஊடாக விண்ணப்பியுங்கள். உங்கள் உதவியாளரையும் அதே வகுப்புக்கு அனுப்புங்கள். காரணம் பின்னால் வரும்.

வயது ஏணி

முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். கழகத்தின் கடந்த பத்து ஆண்டுக் குழுப்படங்களைத் தேடி எடுங்கள். எல்லாக் கழகத்திலும் சுவரில் தொங்கும். ஒவ்வொரு முகத்துக்கும் எத்தனை ஆண்டு ஆடினார், ஏன் நின்றார் என்று எழுதுங்கள். கட்டாருக்கோ சவூதிக்கோ போனவர், கொழும்பில் வேலை கிடைத்தவர், பல்கலைக்கழகம் போனவர், முழங்கால் போனவர், கோபித்துக்கொண்டு வேறு கழகம் போனவர், கலியாணத்தோடு நின்றவர். ஓர் ஆள் சராசரியாக ஐந்து ஆண்டு நிற்கிறார் என்று வந்தால், 22 பேர் கொண்ட முதல் அணிக்கு ஆண்டுதோறும் நாலு அல்லது ஐந்து புது ஆட்கள் தேவை. மூன்று ஆண்டுதான் என்றால் ஏழு. இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே எத்தனை பேரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்டோரில் 30 பேர், 14இல் 24, 16இல் 22, 19இல் 20 என்று வைத்தால் ஆண்டுக்கு நால்வர் மேலே வருவது நடக்கக்கூடியது. 16 வயதுக்கு மேல்தான் சேர்ப்போம் என்று இருக்கும் கழகம் எந்நாளும் ஆள் தேடிக்கொண்டே இருக்கும்.

12 வயதுக்குட்பட்டோருக்கு நாலாம் அளவுப் பந்து. சுற்றளவு 63.5 முதல் 66 சென்டிமீற்றர். ஏழுக்கு ஏழு ஆடுவதென்றால் ஏறக்குறைய 55 மீற்றருக்கு 37 மீற்றர் இடம் போதும். பெரிய மைதானத்தின் பாதியைக் குறுக்காகக் கோடு போட்டால் கிடைத்துவிடும். ஆளுக்கு ஒரு பந்து. வாரத்துக்கு இரண்டு நாள், 60 நிமிடம். யாருக்கும் நிலையான இடம் கொடுக்காதீர்கள். எல்லாரும் மாறிமாறிக் கோல் காக்கட்டும். உயரமான பையனைப் பின்னால் நிறுத்தி, வேகமான பையனை முன்னால் விட்டு, நீளமாக உதையச் சொன்னால் இந்த வயதில் எல்லா ஆட்டமும் வெல்லலாம். அந்தப் பையன்கள் 16 வயதில் பந்தை நிறுத்தத் தெரியாமல் நிற்பார்கள்.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1ஆம் திகதியை வைத்துப் பிரிக்கப்படும்போது, ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒரு வயது. 12 வயதில் அது பெரிய வித்தியாசம். தெரிவுப் பட்டியலைப் பிறந்த மாதப்படி அடுக்கினால் முதல் நாலு மாதக்காரரே நிறைந்திருப்பது தெரியும். நீங்கள் திறமையைத் தெரிவுசெய்யவில்லை, வளர்ச்சியைத் தெரிவுசெய்திருக்கிறீர்கள். செப்டெம்பருக்குப் பின் பிறந்த ஐந்தாறு பேரைக் கட்டாயம் வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைச் சேரும் நாளிலேயே வாங்கிக்கொண்டால், போட்டிக்கு முதல்நாள் இரவு வீடு வீடாக ஓடவும் தேவையில்லை.

14 வயதுக்குட்பட்டோரில் வேறொரு வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் பென்சிலால் உயரம் குறியுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீற்றருக்கு மேல் கூடியிருந்தால் அந்தப் பையன் திடீர் வளர்ச்சியில் இருக்கிறான். அப்போது குதிக்காலிலும் முழங்காற்சில்லுக்குக் கீழேயும் நோவு வரும். நேற்றுவரை அழகாகப் பந்தெடுத்தவன் இன்று கால் தடுக்கி விழுவான். சோம்பல் என்று திட்டாதீர்கள். ஓட்டத்தையும் பாய்ச்சலையும் பாதியாகக் குறைத்து, பந்துப் பழக்கத்தைக் கூட்டுங்கள். ஆறேழு மாதத்தில் பழைய கால் திரும்பி வரும். நோவு குறையாவிட்டால் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். திடீர் வளர்ச்சிக் காலத்தில் கழற்றிவிடப்பட்ட பையன்களைக் கணக்கெடுத்தால் எல்லாக் கழகங்களும் தலையில் கை வைக்கும்.

ஏணி உடைவது 16இல். 11ஆம் தரம் வந்தவுடன் ரியூசன். சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை மைதானம் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். முடிந்தபின் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. இதைத் தடுக்க ஒரே வழி, வீட்டார் சொல்ல முன் நீங்கள் சொல்வது. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரை அழைத்து, பரீட்சைக்கு முந்திய மூன்று மாதமும் வாரத்துக்கு ஒரே நாள், 45 நிமிடம், போட்டி இல்லை என்று அறிவியுங்கள். ஒவ்வொரு பையனின் ரியூசன் நேர அட்டவணையையும் வாங்கி ஒரே தாளில் எழுதினால், எல்லாருக்கும் வெறுமையாக இருக்கும் ஒரு மணித்தியாலம் எங்கேயோ கிடைக்கும். பெரும்பாலும் ஞாயிறு காலை 6.30. அந்த நேரத்தைத் தாய்மாரிடம் கேட்டு நிச்சயப்படுத்துங்கள். தகப்பன்மார் தலையாட்டிவிட்டுப் போவார்கள், பிள்ளையை எழுப்பி அனுப்புவது தாய்.

19 வயதுப் பிரிவை முதல் அணியோடு ஒட்டி வையுங்கள். 17 வயதில் நன்றாக ஆடும் மூவரை வாரத்துக்கு ஒருநாள் மூத்தவர்களோடு பயிற்சிக்கு அழையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். ஆடவிடத் தேவையில்லை, வேகத்தைப் பார்க்கட்டும்.

இன்னொன்று. ஒரே தெருவிலிருந்தோ ஒரே சமூகத்திலிருந்தோ மட்டும் ஆள் எடுக்கும் கழகத்துக்கு இந்த எண்ணிக்கை ஒருநாளும் நிரம்பாது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் அந்தப் பக்கத்துப் பையன் பாதைப்படகைப் பார்த்திருக்கத் தேவையில்லை. நிலாவெளியும் உப்புவெளியும் பேருந்து தூரம். களத்தில் கத்தும் பத்துச் சொல்லை எல்லாருக்கும் பொதுவாக ஒத்துக்கொண்டால் மொழி ஒரு தடையேயில்லை. நோன்பு மாதத்தில் பயிற்சியை நோன்பு திறக்க 40 நிமிடம் முன்பு தொடங்கி, பந்து வேலை மட்டும் வையுங்கள், ஓட்டம் வேண்டாம்.

அண்ணாவை வெளியே இருத்துவது

இளம் பயிற்றுவிப்பாளர்கள் பெரும்பாலும் தோற்பது எதிரணியிடமில்லை. தன்னைவிட ஆறு, ஏழு வயது மூத்த அணித்தலைவர் ஒருவரிடம்தான். நேற்றுவரை நீங்கள் அவருடைய சப்பாத்துப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். இன்று அவரை ஆட்டத்தில் இருந்து எடுக்கவேண்டும்.

போர்த்துக்கல்லின் போர்ட்டோ கழகத்தோடு 2011இல் யூரோப்பா லீக் எடுத்த ஆந்த்ரே வில்லாஸ் போவாஸ் 33 வயதில் இங்கிலாந்தின் செல்சிக்குப் பயிற்றுவிப்பாளராகப் போனார். அந்த அணியின் மூத்த வீரர்கள் லம்பார்டும் ட்ரொக்பாவும் அவரைவிடச் சில மாதமே இளையவர்கள். அவர்களை ஒதுக்கி அணியைப் புதுப்பிக்கப் பார்த்தார், 2012 மார்ச்சில் வேலையே போனது. நாகெல்ஸ்மனோ முதல் அணிக்கு வருமுன் அதே ஹொஃபன்ஹைமின் 19 வயதுக்குட்பட்டோரை 2014இல் தேசிய சாம்பியனாக்கியவர். கழகத்துக்குள் அவரைத் தெரிந்தவர்கள், நம்பியவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயதைவிட எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கு முக்கியம் என்பது தெரிகிறது: முதலில் நம்பிக்கை, பிறகு மாற்றம்.

பெயர் சொல்லிக் கூப்பிட முயலாதீர்கள். அதுவரை அண்ணா என்றோ நானா என்றோ கூப்பிட்டதை மாற்றினால் அன்றைக்கே மைதானம் இரண்டாகிவிடும். "சேர்" என்று கூப்பிடச் சொல்லவும் வேண்டாம். மரியாதையைச் சொல்லில் விட்டுவிட்டு, விதியில் இறுக்கமாக இருங்கள். பருவத் தொடக்கத்தில் ஒரே விதி: வாரத்தில் மூன்று பயிற்சியில் இரண்டுக்கு வராதவர் அந்த வார ஆட்டத்தை வெளியிலிருந்து தொடங்குவார். கடலுக்குப் போகிறவர், இரவு வேலைக்காரர் ஆகியோருக்கு முன்கூட்டியே அறிவித்தால் ஒரு நாள் விலக்கு. இந்த விதியை முதலில் உங்கள் நெருங்கிய நண்பன்மேல் பாவியுங்கள். சொந்தத் தம்பி அணியில் இருந்தால் இன்னும் வசதி.

வயதால் கால் தளர்ந்தவருக்கு வேறு வழி. குறைந்தது மூன்று ஆட்டத்துக்கு முன்பே, தனியாக, அவர் வீட்டுக்கோ கடைக்கோ போய்ச் சொல்லுங்கள். வட்ஸ்அப் குழுவில் அணிப்பட்டியல் போட்டு அதில் பெயரில்லாமல் அவர் அறியவந்தால் உறவு முடிந்தது. சுற்றிவளைக்காமல் எண்ணோடு சொல்லவேண்டும்: "அண்ணா, வாற மூண்டு ஆட்டத்திலும் 65ஆவது நிமிசத்தில இருந்து நீங்கள். அதுக்கு முதல் தம்பியாக்கள் ஓடி அவங்களைக் களைக்க வைக்கட்டும்." அவர், "அப்ப என்னை வேண்டாமெண்டு சொல்லுறியா தம்பி?" என்று கேட்பார். "வேண்டாமெண்டால் வீட்ட வந்திருக்க மாட்டன். 16 வயசுப் பெடியளுக்கு வியாழக்கிழமை பின்களம் பழக்க ஆள் இல்ல, நீங்கள் வந்தால்தான் சரி" என்று வேலையையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். வேலை உண்மையான வேலையாக இருக்கவேண்டும்: நாள், நேரம், பந்து, பத்துப் பையன்கள். வெறும் ஆலோசகர் பட்டம் கொடுத்தால் இரண்டு வாரத்தில் அவர் மைதான மதிலில் இருந்து உங்கள் ஆட்டத்தை விமர்சித்துக்கொண்டிருப்பார்.

வாரமும் வெயிலும்

செவ்வாய், வியாழன், சனி பயிற்சி, ஞாயிறு ஆட்டம். மாலை 4.30க்குத் தொடங்கலாம், ஆனால் வேலைக்குப் போகிறவர் 5 மணிக்குத்தான் வருவார். ஆகவே முதல் அரை மணித்தியாலத்தை யார் எப்போது வந்தாலும் சேரக்கூடியதாக வையுங்கள்: எட்டு மீற்றர் சதுரத்தில் ஐவருக்கு இருவர் பந்து தட்டுவது. ஆள் கூடினால் இன்னொரு சதுரம். நவம்பரில் 5.45க்கெல்லாம் சூரியன் மறையும், ஜூலையில் 6.30 ஆகும்; இந்த முக்கால் மணித்தியால வித்தியாசத்தைப் பார்த்து ஆண்டுக்கு இரண்டு நேர அட்டவணை எழுதுங்கள்.

பயிற்சிக்கு முந்திய உடற்சூட்டுக்கு ஃபிஃபா 11 பிளஸ் போதும். 15 பயிற்சி, மூன்று பகுதி, சுமார் 20 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது இரு முறை. எல்லாரும் முதற்பகுதி ஓட்டத்தைச் செய்துவிட்டு நடுப்பகுதியைப் பாய்ந்து கடப்பார்கள். காயத்தைத் தடுப்பது அந்த நடுப்பகுதிதான். முழந்தாளில் நின்று, பின்னாலிருப்பவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னே சாய்வது தொடக்கக்காரருக்கு மூன்றிலிருந்து ஐந்து முறை. பின்தொடை கிழிந்து இரண்டு மாதம் வீட்டில் இருப்பதைவிட இது மேல்.

செவ்வாய் கடின நாள். 30க்கு 20 மீற்றரில் நாலுக்கு நாலு, நாலு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி நாலு சுற்றில் தொடங்கி ஐந்தாறு வாரத்தில் ஆறு சுற்று. மைதானத்தைச் சுற்றிப் பத்து முறை ஓடச் சொல்வதில் உதைபந்தாட்டம் எதுவுமில்லை. வியாழன் பாதி மைதானத்தில் எட்டுக்கு எட்டு, 40 நிமிடம், ஆட்ட ஒழுங்கு. சனி 45 நிமிடம், கோர்னரும் சுயாதீன உதையும் மட்டும். மூன்று கோர்னர் முறை போதும். அவற்றுக்குப் பாரை, சூரை, கீரி என்று மீன் பெயர் வைத்தால் யாரும் மறக்கமாட்டார்கள். ஆண்டுதோறும் பெயர்களை மாற்றுங்கள், எதிரணிக்கும் மீன் தெரியும்.

24 பேருக்கு இரண்டு 20 லீற்றர் கான் தண்ணீர். ஜூன், ஜூலையில் ஒரு கானில் ஜீவனி (உடலில் நீர் வற்றாமலிருக்கக் குடிக்கும் உப்புத் தூள்) கலந்து வையுங்கள், பொதியில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான். கெட்டியாகக் கலந்தால் வயிற்றைப் பிரட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் குடிக்க வையுங்கள். தலைசுற்றிக் குளறிப் பேசுகிறவரை நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே ஓட்டோவுக்குச் சொல்லுங்கள். காத்திருந்து பார்க்கக் கூடாது.

ஆட்டப் பாணியையும் இந்த மண்தான் தீர்மானிக்கிறது. ஏகாம்பரம் மைதானமோ மக்கெய்சரோ கடற்கரை ஓரத்து வெளியோ, கச்சான் வீசத் தொடங்கிப் புல் காய்ந்த பிறகு பந்து கணிக்க முடியாமல் துள்ளும். தொலைக்காட்சியில் பார்த்த மாதிரி கோல்காப்பாளரிடமிருந்து குட்டிக் குட்டிப் பாஸ்களில் தொடங்கினால் மாதத்துக்கு நாலு கோல் நாமே கொடுப்போம். 90 நிமிடமும் துரத்திப் பந்து பறிக்கும் ஆட்டமும் இந்த வெயிலில் நில்லாது. 60ஆவது நிமிடத்தில் இடைவெளி திறந்துவிடும். துரத்துவதற்கு இரண்டு தருணத்தை மட்டும் குறியுங்கள்: எதிரணி கோல் உதை எடுக்கும்போது, எதிரணி ஆள் நமக்கு முதுகு காட்டிப் பந்தை மோசமாக நிறுத்தும்போது. மற்ற நேரமெல்லாம் நடுக்கோட்டுக்குப் பின்னால் ஒடுங்கி நில்லுங்கள். காற்று நம் முகத்துக்கு நேரே வீசும் பாதியில் கோல் உதையைக் காற்றுக்கு எதிரே உயர்த்தாமல் ஓரத்துக்குத் தாழ்வாக அடிக்கப் பழக்குங்கள்.

எந்தப் பாணி என்பது அவ்வளவு பெரிய விடயமில்லை. 12 வயதுப் பையனும் 28 வயது ஆளும் ஒரே பாணியில் பழகவேண்டும் என்பதே பெரிய விடயம். அப்போதுதான் மேலே வரும் நால்வரும் முதல் மாதத்திலேயே ஆடத் தயாராக இருப்பார்கள்.

மாரியில் மைதானம் தண்ணீரில் நிற்கும் நவம்பர், டிசம்பரைப் பயிற்சி இல்லாத காலமாக விடாதீர்கள். பாடசாலை மண்டபத்திலோ சீமெந்து முற்றத்திலோ ஐந்துக்கு ஐந்து, காற்றுக் குறைந்த பந்தில். கால் வேகம் வளர்வது அங்கேதான்.

கொப்பியும் இரண்டாம் ஆளும்

இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தில் சப்பாத்து வைக்கும் சின்ன அறையொன்றில் பயிற்றுவிப்பாளர்கள் கூடிப் பேசுவார்கள். ஒவ்வொரு நாள் பயிற்சியும், காயமும், ஆட்களின் நிலையும் அங்கே கொப்பியில் எழுதப்பட்டன. முகாமையாளர் பில் ஷாங்க்லி 1974இல் விலகியபோது அவருடைய உதவியாளர் பொப் பெய்ஸ்லி ஏறினார். ஒன்பது பருவத்தில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கிண்ணம். 1983இல் அவர் விலக அடுத்த உதவியாளர் ஜோ ஃபேகன். 1985இல் கென்னி டால்க்ளிஷ், 34 வயதில், ஆடிக்கொண்டே முகாமையாளர். வெளியிலிருந்து யாரும் வரவில்லை.

ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் அரைப் பக்கம்: திகதி, வந்தவர் பெயர், செய்த வேலை, எத்தனை நிமிடம், எது பிழைத்தது, யாருக்கு எங்கே நோவு. ஆட்ட நாளுக்கு ஒரு பக்கம்: பதினொருவர், மாற்றியவர், மாற்றிய நிமிடம், விழுந்த கோல் எப்படி விழுந்தது. மூன்று பருவம் எழுதிய பின் புரட்டினால், கடைசிக் கால்மணியில் விழும் கோல்கள் எல்லாம் யார் பக்கத்தால் வருகின்றன என்பது தானாகத் தெரியும். கைபேசியில் எழுதாதீர்கள், கைபேசி உங்களோடு போய்விடும், கொப்பி கழக அலுமாரியில் இருக்கும்.

உதவியாளராக நண்பனை எடுப்பது எல்லாரும் செய்வது. உங்களோடு ஒத்துக்கொள்ளாத ஒருவரை எடுங்கள், முடிந்தால் வேறு கழகத்தில் ஆடிய கோல்காப்பாளர். பின்னாலிருந்து ஆட்டம் பார்த்த கண் அது. மாதத்தில் ஒரு ஆட்டத்தை முழுக்க அவரிடம் விட்டுவிட்டு, பார்வையாளரோடு போய் நில்லுங்கள், கத்தாமல். அவர் தோற்றாலும் அடுத்த மாதமும் விடுங்கள். நீங்கள் இல்லாத நாளில் அணி குழம்புகிறதென்றால் இன்னும் எதுவும் கட்டப்படவில்லை.

கிண்ணம் வந்த ஆண்டு

ஆபத்தான ஆண்டு இதுதான். வென்ற பதினொருவரையே தொடரும்படி ஊரே சொல்லும். அந்தப் பருவம் முடிந்த கையோடு முதல் அணியின் வயதை ஒரு தாளில் எழுதுங்கள். 22 பேரில் 20 வயதுக்குக் கீழ் ஐந்தாறு, 20க்கும் 25க்கும் இடையில் ஒன்பது பத்து, 26க்கு மேல் ஐந்தாறு, 30ஐத் தாண்டியவர் இரண்டுக்கு மேலில்லை என்று இருந்தால் நல்லது. 28, 29இல் எட்டுப் பேர் நின்றால் மூன்று ஆண்டில் எல்லாரும் ஒன்றாக விழுவார்கள். ஒரே ஆண்டில் மூவரை விடுங்கள், மூவரை ஏற்றுங்கள்.

அலெக்ஸ் பேர்குசன் 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து, லீக்கை முதன்முதலாக எடுத்தது 1993இல். அடுத்த ஆண்டும் எடுத்தார். 1995 கோடையில் முதல் அணியின் இன்ஸ், ஹியூஸ், கன்செல்ஸ்கிஸ் மூவரையும் விட்டுவிட்டு, 1992இல் இளைஞர் கிண்ணம் எடுத்த அணியின் பையன்களை இறக்கினார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டமே ஆஸ்டன் வில்லா கழகத்திடம் 3க்கு 1 தோல்வி. பருவ முடிவில் லீக்கும் கிண்ணமும் அவர்களிடமே. அந்த மூவரை விடும் துணிவு எங்கிருந்து வந்தது என்றால், அந்தப் பையன்களைச் சிறு வயதிலிருந்தே கழகம் பார்த்து வைத்திருந்தது. கீழே ஆளில்லாமல் மேலே வெட்டினால் அது துணிவில்லை.

தோற்கும் ஆண்டும் வரும். ஆறாம் ஏழாம் இடத்துக்கு இறங்கலாம். நிர்வாகத்திடம் அந்தப் பருவத்தில் 20 வயதுக்குக் கீழானவர்கள் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்ற கணக்கைக் கொடுங்கள். கொப்பியில் மாற்றிய நிமிடம் எழுதியிருப்பதால் ஒரு மாலையில் கூட்டிவிடலாம். அந்த எண் முந்திய ஆண்டைவிடக் கூடியிருந்தால் இடம் இறங்கியதற்குக் காரணம் காட்டலாம். அதுவும் குறைந்து இடமும் இறங்கியிருந்தால் நிர்வாகம் கேள்வி கேட்பது சரி.

ஒப்படைப்பது

நல்ல இளம் பயிற்றுவிப்பாளருக்கு வேறிடத்திலிருந்து அழைப்பு வரும், பாடசாலை வேலை வரும், விசா வரும். போகும் தீர்மானத்தைப் பருவ நடுவில் செயற்படுத்தாதீர்கள். கடைசிப் பருவத்தின் இரண்டாம் பாதியில் பயிற்சியை உதவியாளர் நடத்த, நீங்கள் 14 வயதுக்குட்பட்டோருக்கு இறங்குங்கள். கொப்பிகள், பிறப்புச் சான்றிதழ்க் கோப்பு, அலுமாரித் திறப்பு, பந்து பம்பும் ஊசியும், 40 கூம்பு, இரு நிறத்தில் பன்னிரண்டு பன்னிரண்டு மேற்சட்டை என்று எண்ணிக் கையொப்பத்தோடு கொடுங்கள். வட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமையையும் மாற்றிவிட்டு வெளியேறுங்கள். புதியவரின் முதற்பருவத்தில் ஆட்டம் பார்க்க வந்தால், மாற்று வீரர்கள் இருக்கும் பக்கத்தில் நிற்காமல் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். மாற்று வீரர்கள் பக்கம் நின்றால் பையன்கள் பந்து போன ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.